அவிய பால் கறந்த நாள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள், போன் பேசி முடித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள்.

"மதினி, உங்க தம்பி என் நைட்டியப் போட்டுக்கிட்டு மாட்டக் கறந்துட்டாவளாம்!"

"ஏட்டி, உதைக்கலையா?"

"நான்னு நெனச்சு நின்னுருச்சாம். வாளி நெறைய பாலு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னத் தவிர ஆரையும் கிட்ட விடாது மதினி. மூணு வருஷமா அம்மா வீட்டுல ஒரு நா கூடத் தங்கல."

"இன்னைக்குத் தங்குவியா?"

"நாலு நா தங்குவேன்! வர்ற வருஷம் இன்னும் ரெண்டு மாடு வாங்கணும்னு அவியளுக்கு ஆச. நாந்தான் வேண்டாம்னேன். இப்ப வாங்கச் சொல்லிட்டேன்."

"அம்புட்டையும் ஆரு கறக்க?"

"உங்க தம்பிதான்!"

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் ஆளாக இறங்கியது அவள்தான்.