அண்ணி எந்த வீட்டுக்கு வந்தாள்?

வாவிக்கும் கடலுக்கும் நடுவே நமக்கு வாழ்வளித்த கண்ணகை அம்மனை முதற்கண் வணங்குகிறேன்.

தலைமை இருக்கையை அலங்கரிப்பதோடு, அந்த இருக்கையின் ஆடும் காலையும் தம் அசையாப் பொறுமையால் தாங்கிக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அருமைநாயகம் ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் படிக்கும் ரியூசன் கொட்டிலின் வாசலில் வெயில் காய்ந்தே பாதி வயதைக் கழித்த தாய்மார்களே! தாய் மேடையேறிவிட்டாளே, இனி மானம் எங்கே என்று கடைசி வரிசையில் தலை குனிந்திருக்கும் கண்மணிகளே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

தேற்றாத்தீவு மாதர் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவில், ‘இணையத்தில் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு’ என்ற பொருளில் பேச ஒரு விரிவுரையாளரை அழைத்திருந்தோம். அவரை இரண்டாவது சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்களாம். அவரைத் திரும்ப ஏற்றும்வரை நான் பேசுகிறேன்.

நான் மங்கையற்கரசி. படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சத்தைத் தேவாரப் புத்தகமும், சீனி சுற்றிவந்த பத்திரிகைத் தாளும் கற்பித்தன. எனக்கு இணையம் தெரியுமா? தெரியாது! கணினி தெரியுமா? தெரியாது! ஆனால் கணக்குத் தெரியும். எத்தனை செவ்வாய் விரதம் பிடித்தேன், எந்தத் தென்னையில் எத்தனை தேங்காய் விழுந்தது, மகள் எத்தனை மணிக்குப் போனாள், எத்தனை மணிக்கு வந்தாள், எல்லாம் என் கணக்குக் கொப்பியில் எழுதியிருக்கும். யார் அங்கே சிரிப்பது? சீதேவிப்பிள்ளை அக்காவா? சிரியுங்கள் அக்கா. உங்கள் வீட்டுச் சேவல் என் வீட்டு நெல்லைக் கொத்திய கணக்கும் அதே கொப்பியில்தான் இருக்கிறது!

நான் சொல்லப்போவது என் மகள் நிரோஜினியின் கதை. அவளிடம் அனுமதி கேட்டேன். “சொல்லுங்கம்மா, ஆனா நான் அழுததச் சொல்லப்படாது” என்றாள். ஆகவே, சபையோரே, அவள் அழவில்லை.

களுவாஞ்சிக்குடியில் ரியூசன் நாலரைக்கு முடியும். ஐந்துக்கு வரவேண்டிய பிள்ளை, பதினொரு நாளாய் ஆறுக்கு வந்தாள். ஒரு நாள் பஸ் பழுது என்றாள், நம்பினேன். மறுநாள் மழை என்றாள், நம்ப முயன்றேன். கொடியில் என் சேலை காய்ந்துகொண்டிருந்தது! பன்னிரண்டாம் நாள் பின்னாலே போனேன். சந்தைக்குப் பக்கத்தில், காத்தான்குடி மஜீட் தம்பியின் நெற் கபே என்கிற இணையக் கடைக்குள் நுழைந்தாள். நானும் நுழைந்தேன். நுழைந்ததும் என்ன செய்தேன்? மடியில் இருந்த திருநீற்றை எடுத்து, மகளின் நெற்றியிலும் பூசி, கணினியின் நெற்றியிலும் பூசினேன்.

“அக்கா! அக்கா! கீபோட்டுல கொட்டாதீங்க, எழுத்து உள்ளுக்க இறுகிப்போகும்!” என்று ஓடிவந்தார் மஜீட்.

“பேய் பிடிச்ச சாமானுக்குப் பூசாம வேற எதுக்குத் தம்பி பூசற?” என்றேன்.

மகள் சொன்னாள், பேய் இல்லையாம், சினேகிதியாம். பெயர் வித்தியாவாம். வயது பதினைந்தாம். ஊர் களுவாஞ்சிக்குடியாம். பார்த்திருக்கிறாளா? இல்லை! குரல் கேட்டிருக்கிறாளா? இல்லை! ஆனால் உயிர்ச் சினேகிதியாம்!

மஜீட் மகளுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கதிரை போட்டார். அதில் உட்கார்ந்து கொப்பியை எடுத்தேன். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘வித்தியா கேட்டது’, வலப்பக்கம் ‘வித்தியா சொன்னது’. திரையில் இருந்த பழைய பேச்சையெல்லாம் மகள் வாசிக்க வாசிக்க எழுதினேன். எந்தப் பள்ளிக்கூடம்? எந்த ஒழுங்கையால் வருவாய்? அப்பா வயலுக்குப் போனால் எப்போது திரும்புவார்? படம் அனுப்புவாயா? சனிக்கிழமை பஸ் நிலையத்துக்குத் தனியே வருவாயா? இடப்பக்கத்தில் இருபத்துமூன்று. வலப்பக்கத்தில் பெயர், வயது, ஊர் தவிர வெறும் தாள்! கேட்டது கடலளவு, சொன்னது கையளவு! இது சினேகமா, விசாரணையா?

சபையோரே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு வாய் காக்கத் தெரியாதா? சோதனைச் சாவடியில் “வீட்டில் யார் யார்?” என்று கேட்டால், “அம்மா” என்ற சொல்லுக்கு மேல் ஒரு சொல் உதிர்க்கிறார்களா? துவக்கோடு நிற்கும் சிப்பாய்க்குச் சொல்லாததை, முகமே இல்லாதவனுக்கு ஏன் சொன்னார்கள்? துவக்கு மிரட்டிக் கேட்டது. திரை சிரித்துக் கேட்டது! வாவியில் விளக்கைக் காட்டி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோமே, இறால் வலையையா பார்க்கிறது? வெளிச்சத்தையல்லவா பார்க்கிறது!

அந்த நேரம் பார்த்து வித்தியா வந்தாள். திரையில் பச்சைப் பொட்டு. “நான் சொல்றத அப்பிடியே அடி மகள்” என்றேன். முதலில் சுகம் கேட்டேன். பிறகு, நம் ஊரில் எந்தத் தாயும் கேட்பதைக் கேட்டேன்: “உனக்கு அண்ணன் இருக்காரா? கலியாணம் முடிஞ்சுதா?”

பதில் வந்தது: “ஓம், போன மாதம். அண்ணி எங்கட வீட்டுக்கு வந்திட்டா. எனக்கு இப்ப அறையே இல்ல.”

ஆஹா! பார்த்தீர்களா? முன்வரிசைத் தாய்மார் எல்லோரும் ஒன்றாய் நிமிர்ந்துவிட்டீர்கள்! களுவாஞ்சிக்குடியில் எந்த அண்ணன், தாய்மாரே, கட்டிய பெண்ணைத் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிவந்தான்? மகளுக்கு வீடு கட்டத்தானே நம் முதுகு வளைந்தது! மாப்பிள்ளை அல்லவா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான்! ஐயா, நீங்கள் போகவில்லையா? தலைவர் ஐயா தலையாட்டுகிறார். முப்பத்தெட்டு வருடமாகிறதாம், இன்னும் திரும்பவில்லையாம்!

மஜீட் தம்பியைப் பார்த்தேன். “எங்கட ஊர்லயும் மாப்பிளதான்கா பொண்டாட்டிர ஊட்ட போற” என்றார். “இது நம்மட பக்கத்து ஆளே இல்ல. பதினஞ்சு வயசுக் குமர்ப்பிள்ளையாவும் இரிக்காது.”

கடைசியாக ஒன்று அடிக்கச் சொன்னேன்: “நான் நிரோஜினிட அம்மா. சனிக்கிழமை பஸ் நிலையத்துக்கு நானும் வாறன். உங்கட அம்மாவையும் கூட்டி வாங்க.” பச்சைப் பொட்டு அணைந்தது. அணைந்தது அணைந்ததுதான். திருநீறு செய்யாததை ஒரு தாயின் பெயர் செய்தது!

இனித்தான், தாய்மாரே, நான் வெட்கப்பட வேண்டிய இடம். கை ஓங்கிவிட்டேன். வாய் திறந்துவிட்டேன். “இண்டையோட உன்ட படிப்பு...” என்பதுவரை வந்துவிட்டது. அப்போது அவள் சொன்னாள்: “இதுக்குத்தானம்மா சொல்லல்ல. சொன்னா படிப்ப நிப்பாட்டுவீங்க எண்டு எனக்குத் தெரியும்.”

மஜீட் தம்பி கணினியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அடிச்சா நாளைக்கு வேற கடைக்குப் போவாக்கா. அங்க உங்களுக்கு ஆரு கதிர போடுவான்?”

ஓங்கிய கை இறங்கியது. அன்று நான் யாருக்குப் பயந்தேன், என் பிள்ளை யாருக்குப் பயந்தாள்? நான் அந்நியனுக்குப் பயந்தேன். அவளோ எனக்கல்லவா பயந்திருந்தாள்! அவன் நுழைந்தது எந்தக் கதவால்? நான் பூட்டிவைத்த கதவால்!

ஆகவே சொல்கிறேன். முகம் காணாதவருக்குப் பெயரும் பள்ளியும் பாதையும் படமும் கொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். தனியே வா என்பவரிடம் தாயோடு வருகிறேன் என்று சொல்லப் பழக்குங்கள். கடைக்காரத் தம்பிமாரே, பிள்ளைகள் இருக்கும் திரையை வாசலைப் பார்க்கத் திருப்பி வையுங்கள், மஜீட் திருப்பிவிட்டார். இவையெல்லாவற்றுக்கும் முன்னே, தாய்மாரே, ஒரு வாக்குக் கொடுங்கள்: “சொன்னால் அடிக்கமாட்டேன். சொன்னால் நிறுத்தமாட்டேன்.”

நான் கொடுத்தேன். பலித்ததா? சென்ற செவ்வாய்க்கிழமை பூசையில் இருந்தேன். மகள் செருப்போடு வாசலில் நின்று கூப்பிட்டாள்: “அம்மா, இண்டைக்கு ஒரு ஆள் என்ட படம் கேட்டது. நான் குடுக்கல்ல. என்ன செய்வம்?” இருபது வருடத்தில் நான் பாதியில் விட்ட முதல் தேவாரம் அதுதான். அம்மன் கோபிக்கமாட்டாள், அவளையும் அம்மா என்றுதானே அழைக்கிறோம். அன்று என் கொப்பியில் ஒரு புதுத் தலைப்பிட்டேன்: ‘மகள் எனக்குச் சொன்னது’. அதன் கீழே இன்றைக்கு ஒன்று இருக்கிறது. என் வாழ்நாள் கணக்கிலேயே பெரிய எண் அந்த ஒன்றுதான்!

அதோ, விரிவுரையாளர் வந்துவிட்டார். பாவம், பழக்கதோஷத்தில் நம் வாசலிலும் கைப்பையைத் திறந்து காட்டுகிறார். உள்ளே வாருங்கள் ஐயா, இங்கே ஒருவரும் சோதிக்கமாட்டோம். பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், சிரித்துக் கேட்ட சீதேவிப்பிள்ளை அக்காவுக்கும், அழாத என் மகளுக்கும் நன்றி கூறி, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இன்றிரவு உங்களுக்கு ஏதாவது ஒன்று சொல்லட்டும் என்று அம்மனை வேண்டி விடைபெறுகிறேன். வணக்கம்!