குதிரை ஓடிய திரையில் கோடு நிற்கவில்லை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அனாரா அவர்களே! வெண்தொப்பி அணிந்து முன்வரிசையை விளங்க வைத்திருக்கும் பெரியோர்களே! பெற்று வளர்த்த பெருமை பொலிய வீற்றிருக்கும் தாய்மார்களே! அடித்துத் திருத்திய ஆசான்களே! அடிவாங்கியும் திருந்தாத என் வகுப்புத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் கரகோல் கடைவீதியில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒமுரின் பணிவான வணக்கம்.

பள்ளியை விட்டு முப்பதாண்டு முடிந்தால் பள்ளிக்குப் பரிசோடு வருவது நம் வழக்கம். எங்கள் வகுப்பும் வந்திருக்கிறது. கணினி அறைக்கென்று ஒரு பெரிய தொலைக்காட்சியை வாங்கி, இதோ இந்தத் துணிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறது. பாடமும் நடத்தலாம், படமும் பார்க்கலாம் என்கிறார்கள். சற்று முன் என் வகுப்புத் தோழன் தாலாய் என் காதருகே வந்து, "டேய் ஒமுர், மேல போய் 'அருமையான டிவி'ன்னு ரெண்டே வார்த்தை சொல்லு. பெரியவங்க ஆசி குடுத்துடுவாங்க. அங்க கறி ஆறுதுடா" என்றான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை சொன்னவன். அதனால்தான் இன்று நாக்கு எழ மறுக்கிறது.

எங்கள் வகுப்பின் ஜிபாரை உங்களுக்குத் தெரியும். தெற்குத் தெருவில் பாதி வீடுகளின் வரைபடம் அவள் கை வரைந்தது. தலைநகரத்துக் கட்டட நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணினியில் வரைந்து அனுப்பி வந்தாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் கண் மங்கத் தொடங்கியது. "மூன்று ஆண்டு பார்வை இருக்கும். அதுவரை சிறிய திரையில் வேலை வேண்டாம்" என்றார் மருத்துவர். அவள் என்ன கேட்டாள்? பொன் கேட்டாளா? பொருள் கேட்டாளா? இருக்கிற மூன்று ஆண்டும் இமைக்காமல் வரைய ஒரு பெரிய திரை கேட்டாள்! வகுப்பே சேர்ந்து வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் வந்தது.

கடைக்குப் போனோம். சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்க ஒளி. தாலாய் கத்தினான்: "குதிரை விளையாட்டுப் போட்டியப் போடச் சொல்லுடா! குதிரை ஓடினாத்தான் டிவியோட லட்சணம் தெரியும்!" போட்டார்கள். குதிரை பாய்ந்தது, புழுதி பறந்தது, வாயோரத்து நுரை வழிந்தது வரை தெரிந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்த நான் "அருமையான டிவி" என்றேன்.

கைதட்டாதீர்கள், அருள்கூர்ந்து கைதட்டாதீர்கள். நான் பெருமை பேசவில்லை. அவள் கணினியைக் கடைக்குக் கொண்டு போனேனா? இல்லை. அவள் உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேனா? இல்லை. ஓடும் குதிரையைப் பார்த்தவன், ஓடாத ஓர் எழுத்தையாவது பார்த்தேனா? அதுவும் இல்லை. பரிசை முன்கூட்டிக் காட்டக் கூடாது என்று அவளையும் அழைக்கவில்லை. அவள் வீட்டில் பெரியவர்கள் கையேந்தி அந்தப் பெட்டிக்கு ஆசி வழங்கினார்கள். தெருவே வந்து, புதுப்பொருளை முதன்முதலில் கண்டதற்கான காணிக்கை வைத்து, வாயார வாழ்த்தியது. ஜிபார் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். போனேன். நல்ல பகல் வெளிச்சம். வரைபடத்தின் ஓரத்து எண்களைத் திரை விழுங்கியிருந்தது. சுட்டியை நகர்த்தினால் அம்பு அரைக்கணம் கழித்தே அசைந்தது. இவ்விரண்டையும் அமைப்பில் மாற்றிச் சரிசெய்துவிட்டேன். ஆனால் கறுப்புப் பின்னணியில் அவள் போடும் மெல்லிய சிவப்புக் கோடுகளும் எண்களும் ஈரத்தாளில் மை போல் கசிந்தன. மூன்று எது, எட்டு எது என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ முறை மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பெட்டி தூரத்துப் படத்துக்குப் பிறந்தது, பக்கத்து எழுத்துக்குப் பிறக்கவில்லை.

ஜிபார் கேட்டாள். "ஒமுர், மோசமானது டிவியா, என் கண்ணா? மறைக்காமச் சொல்லு."

பதினான்கு நாளுக்குள் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வார். இன்னும் நான்கு நாள் இருந்தது! ஆனால் ஆசி பெற்ற பொருளைத் திருப்பிக் கொடுப்பது ஆசியையே திருப்பிக் கொடுப்பது அல்லவா? ஊர் என்ன சொல்லும்? அது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மை வேறு. தேர்ந்தெடுத்தவன் தெரியாதவன் என்ற பேச்சு வந்துவிடுமே என்று பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயந்தேன்.

"டிவி நல்லாத்தான் இருக்கு. பழகினா சரியாயிடும்" என்றேன்.

"அப்ப கண்ணுதான்" என்றாள். அவ்வளவுதான். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள்.

ஓராண்டு கழித்து ஒருநாள் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டியைச் சரிசெய்து வாங்க என் பட்டறைக்கு வந்தாள். மேசையில் யாரோ கொடுத்திருந்த பழைய கணினித்திரை ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து. அருகே குனிந்தாள். ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். கடைசி எழுத்துவரை பிழையில்லை. நிமிர்ந்து, "தெளிவா இருக்கே, ஒமுர்" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்! கெண்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்தில் வேறொருவர் வரையத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. மருத்துவர் சொன்னது பலித்து, சென்ற பனிக்காலத்தில் பார்வை முற்றும் போயிற்று. கண்ணைக் காப்பாற்ற என்னால் முடிந்திராது. கண்ணிருந்த காலத்தைக் காப்பாற்ற என் ஒரு சொல்லால் முடிந்திருக்கும்.

பெரியோர்களே! ஆசிக்கு எழும் கைகளைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் கணினி ஆசிரியர் தம் கணினியை இணைக்கட்டும். கறுப்பில் சிவப்பாக நாலு எழுத்து போடட்டும். சன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தை விடுங்கள். இந்தப் பள்ளியிலேயே தடித்த கண்ணாடி போட்ட பிள்ளை கடைசி இருக்கையில் உட்கார்ந்து படிக்கட்டும். படிக்க முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். பெட்டியை இன்றே திருப்பி அனுப்புவோம்.

குதிரை வேண்டாம், தாலாய்! இன்று குதிரை வேண்டாம்.

கூறியது கசந்தாலும் குறுக்கிடாமல் செவிகொடுத்த பெருமக்களுக்கு என் நன்றி. எல்லாருக்கும் தலைதாழ்ந்த வணக்கம். ஜிபாரின் வாழ்த்தையும் சொல்லி இறங்கத்தான் நினைத்தேன். நேற்று அவளை அழைக்கப் போனேன். "நம்ம வகுப்புப் பரிசு, நீயும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லு" என்றேன். அவள் சிரித்தாள்.

"எதுக்கு ஒமுர்? வந்தா 'அருமையான டிவி'ன்னு சொல்லச் சொல்லுவீங்க. இப்ப எனக்கும் சொல்ல வரும், உன்னை மாதிரியே, பாக்காம."