தண்ணி ஊத்தினா வெடிக்காது

இல்ல முனீப் முதலாளி, அகீல் இப்ப வரமாட்டான், நீங்க கதிரையில இரிங்க. தேத்தண்ணி ஆறுது. மருமகன் இல்லாட்டி மாமியோட கதைக்கக் கூடாதா? உங்கட போட்டில போய்த்தானே அவன் கடலுக்கடியில சுழியோடுறான், கேக்கிறதுக்கு எனக்கும் உரிமை இரிக்கு.

ஓம், அவன் சுழியோடிப் போற அந்தத் தாண்ட கப்பலத்தான் சொல்றன். வெள்ளைக்காரன்ட கப்பல், ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாழ்த்தின. எங்கட ஆக்கள் அவனையும் கூப்பிடல்ல, இவனையும் கூப்பிடல்ல. போர்த்துக்கீசனில இருந்து வந்தவனெல்லாம் இந்தத் துறைமுகத்துக்குத்தான் சண்டை பிடிச்சு அடிபட்டான். அடிபட்டு முடிய எழும்பிப் போயிட்டான், சாமான் மட்டும் கடலுக்கடியில கிடக்கு. என்ட மனிசன்ட மூத்தவாப்பா டொக்யார்ட்டில கூலி. வெள்ளைக்காரன் பூட்ஸ் காலால உதைக்க உதைக்க பீரங்கி ஷெல்லச் சுமந்து கப்பல்ல ஏத்தினவராம். அவர் ஏத்தினத என்ட மனிசன் சுழியோடி இறக்கினார், உங்களுக்காக.

விருப்பத்தோட வந்தவரா? ஓம், வந்தவர்தான், இல்லையெண்டு சொல்லல்ல. வெடி போட்டு மீன் பிடிக்கிறவனுக்கு ஷெல்லுக்குள்ள இரிக்கிற வெடிமருந்து வேணும், உங்களுக்கு அத விக்க வேணும், எங்களுக்குச் சோறு வேணும். ஆனா இந்த வீட்டு முத்தத்தில நிண்டு, தண்ணி ஊத்த ஊத்த அரிஞ்சா ஷெல் வெடிக்காதெண்டு காட்டித் தந்த ஆர்? நீங்கதானே? அவர் இரும்பறுக்கிற வாளால அரிஞ்சார், நான் ஊத்தின நான். ஒரு சொட்டுக் குறையாம ஊத்தின நான். கண் முழிச்சுப் பாத்தா இந்தக் கையில மூணு விரல் இல்ல, முத்தத்தில மனிசனே இல்ல.

மறந்திட்டீங்க போல. மையத்தக் குளிப்பாட்ட வந்த லெப்பை வாசல்ல நிண்டு அழுதார். குளிப்பாட்டுறத்துக்கு என்ன இரிந்த? முருங்கையில தொங்கினத என்ட தம்பி ஏறித்தான் எடுத்தான். கபன் துணியில சுத்தினது ஒரு கைப்பிள்ளைட பாரம்கூட இல்ல. நிலாவெளி றோட்டில வெள்ளைக்காரன்ட மயானம் பாத்திருப்பீங்க, பேர் தெரியாத பட்டாளத்தானுக்கும் கல்லு வெச்சு, இண்டைக்கும் புல்லு வெட்டுறாங்க. அவனுகள்ற ஷெல்லுலதான் என்ட மனிசனும் செத்தார். அவரக் கேக்க ஆரு வந்த? பொலிஸ் வந்து கள்ள மருந்துக் கேசெண்டு சொல்லிட்டுப் போச்சு. நீங்க மறுகிழமையே வேற ஆளப் பிடிச்சிட்டீங்க.

கத்தாதீங்க முதலாளி, வீட்டில ஒருத்தரும் இல்ல, கத்தி என்ன? விடியவே அகீலையும் மகள் றுஷ்தாவையும் கிளிவெட்டிக்கு அனுப்பிட்டன், எனக்குத் தெரிஞ்ச தமிழாக்கள் வீட்டுக்கு. வயல்ல வெள்ளாமை வெட்டுக்கு ஆள் தேடுறாங்களாம். இனி அவன் கடலுக்கு இறங்கமாட்டான்.

ஏனெண்டா கேக்கிறீங்க? ஷெல்ல அகீல் அரியட்டும், றுஷ்தா தண்ணி ஊத்தட்டும் எண்டு நேத்து நீங்க சொன்னதாலதான். ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி அவள்! அகீல் அத வந்து சொன்ன நேரம், குசினிக்க போய்க் கத்தியக்கூட எடுத்திட்டன். உங்கட கழுத்தத்தான் நினைச்ச நான். மறுகா, உங்கட பிள்ளையளும் வாப்பா இல்லாம நிக்குமே எண்டு கத்திய வெச்சிட்டன்.

மண்ணெண்ணெயா? ஓம், என்ட கையிலதான் மணக்குது. கழுவப் போக்குள்ளதான் நீங்க கேற்றத் தட்டினீங்க. கரையில ஆரும் நிக்கல்ல, நல்லாப் பாத்திட்டுத்தான் உங்கட போட்டுக்குக் கொளுத்தின நான். உங்கள இதில இருத்தி வெச்சு இவ்வளவு கதையும் கதைச்சதும் அது நல்லாப் பத்தட்டுமெண்டுதான்.

ஓடாதீங்க, முதலாளி! கிட்டப் போகாதீங்க. முந்தாநாள் அகீல் எடுத்துக் கொண்டு வந்த ஷெல் ரெண்டையும் நான்தான் தூக்கி அந்தப் போட்டுக்குள்ள வெச்ச நான்.