ஒரு சாணும் நான்கு விரலும்

முதலில் நாற்காலிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், மேடம். ஸ்டேஷனுக்குள் வந்த ஐந்தாவது நிமிடத்தில் அரசாங்கச் சொத்தை உடைத்தவன் உத்திரமேரூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல முடியாது. உண்மையில், பின்காலில் விரிசல் இருந்ததை உட்காருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். தாங்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பரவாயில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன்.

பெயர் ராஜாராம். ஏரிக்கரைக்குக் கீழே இருபத்தாறு வருடமாகக் கார் ஷெட் வைத்திருக்கிறேன். என்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள். அதனால்தான் நானே வந்தேன்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். இன்ஜினுக்கும் நம்மைப் போல மூக்கு உண்டு. காற்றை இழுத்தால்தான் ஓடும். கம்பெனிக்காரன் அந்த மூக்கை மேலே, பானெட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்து அனுப்புகிறான். அவன் முட்டாள் இல்லை. நம் பிள்ளைகளுக்கோ வண்டி உறும வேண்டும். ஆன்லைனில் பளபளவென்று ஒரு பைப்பும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் வாங்கிக்கொண்டு வருவார்கள். பழைய டப்பாவைக் கழற்றிவிட்டு அதை மாட்டித் தரவேண்டும். மூக்கு எங்கே வரும் என்பது மாட்டுகிறவன் கையில் இருக்கிறது. பம்பருக்குப் பின்னால் கீழே வைத்தால் குளிர்ந்த காற்று கிடைக்கும், சத்தமும் நன்றாக வரும். ஆனால் தேங்கிய தண்ணீரில் வண்டி இறங்கினால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடிக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு கடவுளே வந்து சாவியைத் திருகினாலும் ஓடாது.

எனக்கு ஒரே மகள், சசிரேகா. அவள் அம்மா சிட்டம்மாள் தவறிப்போனபோது ரேகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக ஷெட்டுக்கு வருவாள். பத்து வயதில் சத்தத்தை வைத்தே எந்த பிளக் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுவாள். நான்கூட இரண்டு முறை தப்பாகச் சொல்லி அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் தினேஷ்குமாருக்குக் கட்டிக்கொடுத்தேன். நல்ல பையன். வண்டியில் போனால் என் வீட்டிலிருந்து ஏழு நிமிடம். நான் அளந்திருக்கிறேன்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எல்லாரும் செய்கிறதுதானே. நானும் தயாராக இருந்தேன். உள் அறைக்கு வெள்ளை அடித்தேன். கட்டில் போட்டேன். பூண்டுக் குழம்பு வைக்கப் பழகினேன். முதல் நாள் வைத்ததைத் தெரு நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஐந்தாவது நாள் நானே சாப்பிடும் அளவுக்கு வந்தது. ஆனால் வளைகாப்புப் பந்தலிலேயே சம்பந்தியம்மா சுலோச்சனா சொல்லிவிட்டார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. பொம்பள இல்லாத வூட்ல புள்ளத்தாச்சிய வுட்டுட்டு நாங்க எப்டி தூங்கறது? தினேசுக்கு ஓசூர்ல வேல ஆயிட்ச்சி. அங்க என் பொண்ணு நர்ஸு கீறா. அவ பாத்துக்குவா."

நியாயமான பேச்சு. நான் தலையாட்டி, இன்னொரு லட்டும் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓசூர் புறப்படுவதாக முடிவானது.

புதன்கிழமை மாப்பிள்ளை அந்தப் பைப்பை வாங்கிக்கொண்டு வந்தார். "மாமா, ஐவேஸ்ல சும்மா சிங்கம் மாதிரி கத்தணும்" என்றார். கூலி வாங்கவில்லை. மாமனார் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இருவரும் சிரித்தோம். நான் மூக்கைக் கீழே வைத்தேன். தரையிலிருந்து ஒரு சாணும் நான்கு விரலும்.

குளிர்ந்த காற்றுக்காக என்று சொல்லலாம். பத்து நாளாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பைப் வருகிறது என்று தெரிந்ததும், மாட்டுவதற்கு முந்தின நாளே, அவர்கள் ஊருக்குப் போகும் வழியிலுள்ள தரைப்பாலத்துக்குப் போய்வந்தேன். ஏரி நிரம்பிக் கலங்கல் போக ஆரம்பித்திருந்தது. பாலத்து ஓரக்கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று சாண் போட்டுப் பார்த்தேன். ஒரு சாணும் ஆறு விரலும். ஆளை அடிக்கிற வேகம் இல்லை, குழந்தைகூட நடந்து வரலாம். வண்டி மட்டும் நிற்கும். இன்ஜினைப் பிரித்துக் கட்ட மூன்று வாரம். அதற்குள் பிரசவம் என் வீட்டில் ஆகிவிடும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு ராடு. அதையும் நானே வாங்கிப் போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். கையில் கயிறு, உலர்ந்த துண்டு, ஃபிளாஸ்கில் பால். எதேச்சையாக நிற்கிறவன் ஃபிளாஸ்க் கொண்டுவருவானா என்று அப்போது தோன்றவில்லை. மாப்பிள்ளை போன் செய்தார்.

"மாமா, பாலத்து மேல தண்ணி போய்க்கினு கீது. வண்டி வருமா? இல்ல, சாலவாக்கம் பக்கமா சுத்திக்கினு போவட்டா?"

"முட்டிக்குக் கீழதான் கீது மாப்ள. ரெண்டாவது கியர்ல வா" என்றேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், மேடம். நான் பதில் சொல்வதற்கு முன் அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். "ஓசூர் போவல மாமா. விடிகாலைலேர்ந்து ரேகாவுக்கு வலி. கொஞ்சம் ரத்தமும் படுது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். உங்களயே கேக்கச் சொல்லி அவதான் சொன்னா."

சுற்றுப் பாதையில் தண்ணீர் இல்லை. இருபத்தைந்து நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதை என் ஷெட் வழியாக வராது. நான் ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்தேன். எங்கள் தெருவிலேயே கிராம நர்ஸ் வளர்மதி இருக்கிறார், எத்தனையோ பிரசவம் பார்த்தவர் என்று நினைத்தேன். அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறதே என்று நினைத்தேன். பிறகுதான் அந்த ரெண்டாவது கியரைச் சொன்னேன்.

வண்டி பாலத்தின் நடுவில் ஒரு முறை இருமியது. நின்றுவிட்டது. நான் கட்டிய கணக்கு ஒரு விரல்கூடப் பிசகவில்லை. என் வேலையில் அதுதான் மிகத் துல்லியமான வேலை. இறங்கிப் போய் மகளைத் தூக்கிவந்தேன். சீட்டெல்லாம் சிவந்திருந்தது. ஆம்புலன்ஸ் அன்றைக்குக் கலங்கலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது, அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வரவேண்டும். பாலத்தை எங்கள் வண்டி அடைத்துக்கொண்டிருந்தது. அது சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நான் போட்ட கட்டிலில், வெள்ளை அடித்த அறையில். நான் ஆசைப்பட்டபடி தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடந்தது. ஆண் குழந்தை. அழவில்லை. வளர்மதி தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தார், வாயில் ஊதிப் பார்த்தார். பிறகு என்னுடைய உலர்ந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று வளர்மதியைக் கேட்டேன். "நம்ம கையில இன்னாண்ணே கீது" என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டேன். பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பெரிய டாக்டர், பெண் பிழைத்ததே பெரிது என்றார். சம்பந்தியம்மா விதி என்றார். மாப்பிள்ளை என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். "நான்தான் மாமா பயந்துபோய் ஆக்சிலேட்டர அமுக்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரி மெதுவா வந்திருந்தா தாண்டியிருக்கும்" என்றார். நான் அவர் முதுகைத் தடவி, "எல்லாரும் பண்றதுதான் மாப்ள, மனச வுட்டுடாத" என்றேன். அவர் கொஞ்சம் தேறினார். அந்த நேரத்தில் நான் ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நேற்றுக் காலை மாப்பிள்ளை தன் அம்மாவை அழைத்துவரப் போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வந்திருந்த ரேகா மெல்ல எழுந்து ஷெட்டுக்கு வந்தாள். வண்டி அங்கேதான் நிற்கிறது, பம்பர் கழற்றி. அவள் குனிய முடியாமல் குனிந்து தரையிலிருந்து கையை விரித்து வைத்தாள். ஒரு சாண். அதன்மேல் நான்கு விரல். சின்ன வயதில் அளக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

எனக்கு ஒன்றுதான் புரியாமல் இருந்தது. அவள் மெக்கானிக் மகள். பைப்பைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும் ஏன் என்னைக் கேட்கச் சொன்னாள்? அதைக் கேட்டேன். உண்மையில் நான் எதிர்பார்த்தது வேறு பதில். அவளுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, இது ஒரு விபத்து என்று அவள் வாயால் வரவேண்டும் என்று இருந்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இல்லாமல்தான் பேசினாள்.

"புதன்கெழமயே பாத்துட்டேன் நைனா. என்ன வூட்ல வெச்சிக்கத்தான் இத்த பண்ணிகீறன்னு புரிஞ்சிச்சு. எனக்கும் ஓசூர் போவ இஷ்டமில்ல, அதான் அவர்கிட்ட சொல்லல. ஞாயித்துக்கெழம ரத்தத்தப் பாத்ததும் பயந்துட்டேன். அப்பவும் அவர்கிட்ட உன்னக் காட்டிக்குடுக்க மனசு வரல. எனக்கு முடியலன்னு தெரிஞ்சா நீயே பாலத்து மேல வராதன்னு சொல்லிடுவ, சுத்திக்கினு போங்கன்னு சொல்லிடுவன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உன்னக் கேக்கச் சொன்னேன்."