காற்று வந்தால் நிற்க வேண்டும்

பெயர் வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு சார். டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று வாய்க்கு வந்ததை வைப்பவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு டெஸ்ட் தோற்றால், பெயரைப் படித்ததுமே எது பழுது என்று தெரிய வேண்டாமா?

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரி பம்ப். நோயாளியின் நரம்பில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். அதை ஓட்டும் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டுகளை எழுதுவது என் வேலை. அதில் ஒன்றுக்கு ‘குழாயில் காற்று வந்தால் பம்ப் நிற்க வேண்டும்’ என்று பெயர் வைத்தேன். சின்னப் பிள்ளைக்கும் புரியும். என் பெயர்கள் அவ்வளவு தெளிவு என்பதால், உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்ப்பதையே மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்த டெஸ்ட் மட்டும் சில நேரம் தேறும், சில நேரம் தேறாது. பம்ப் சில நேரம் நிற்கவில்லை, அவ்வளவுதான். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எப்படியாவது அதைத் தேற வச்சு பச்சை காட்டுப்பா. நாளைக்கு அனுப்பியாகணும்.”

டெஸ்டுக்குள் இருந்த சோதனை வரிகளை எடுத்துவிட்டேன். காலி டெஸ்ட் எப்போதும் தேறிவிடும். பெயரை மட்டும் தொடவில்லை, மனசு வரவில்லை.

பிறகு என் தங்கையின் கணவருக்கு ஆபரேஷன். கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் பம்ப். தங்கை பொட்டுத் தூக்கமில்லாமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இது உங்க மெஷின்தானே? காத்து வந்தா நின்னுடுமா?”

நர்ஸ் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். வேறு பம்ப் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள், ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் கிளறுவார்கள்.

“நின்னுடும்மா. நானே சோதிச்ச மெஷின். நீ கொஞ்சம் தூங்கு.”

என் பேச்சை நம்பி நாற்காலியிலேயே சாய்ந்தாள். நான் வீட்டுக்குக் கிளம்பினேன். குழாயில் காற்று வந்தது, பம்ப் நிற்கவில்லை. அவள் கண் விழித்தபோது மாப்பிள்ளை போய்விட்டிருந்தார்.

இன்னும் அழுகிறாள். “நான் தூங்காம இருந்திருந்தா பாத்திருப்பேனே அண்ணா, பாவி நான்” என்கிறாள். “விடும்மா, அசதி யாருக்குத்தான் வராது” என்று தலையைத் தடவிக் கொடுக்கிறேன்.

டெஸ்டைக் காலி செய்தது நான்தான், தெரிந்தே தூங்கச் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள் சார்: அவள் தூங்கிப் போனதற்காக நான் ஒருநாளும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை.