கருங்கல்லும் வெள்ளைக்காக்காவும்

— தலகாணி உறைக்குள்ள என்ன தம்பி, பூனையா?

— கதவைச் சாத்திட்டுப் பேசலாமா அக்கா?

— பட்டப்பகல்ல கதவைச் சாத்தினா ரிப்பேர் கடைக்கு யார் வருவாங்க? மேசையில வைங்க. மெதுவா... அந்த ஓரத்துல ஸ்க்ரூ எல்லாம் பரப்பி வெச்சிருக்கேன்.

— முதல்லயே சொல்லிடறேன். இது என்னோடது இல்ல. மச்சானோடது.

— நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலயே.

— பாத்ததும் தப்பா நெனச்சுடக் கூடாதுன்னு...

— அட, கறுப்பு கேம் பெட்டி. போன தடவை உங்க வெள்ளைப் பெட்டியத் தூக்கிட்டு வந்தப்ப இதே இடத்துல நின்னு என்ன சொன்னீங்க? கறுப்புல கேம் விளையாடறவன் எல்லாம் விளம்பரத்தைப் பாத்து வாயைப் பொளந்த கூட்டம்னு...

— அதான் மச்சானோடதுன்னு சொல்றேனே.

— மச்சான் என்ன வேலை பாக்கறார்?

— எனக்கு மச்சானே கிடையாது அக்கா.

— ம்.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. உறையில இருக்கற பூவைப் பாத்தேன். வீட்டுல தெரியுமா?

— ஒரு தலகாணி உறை குறையுதுன்னு தெரியும். பெட்டி வந்தது தெரியாது. வீட்டுல தெரிஞ்சாகூடச் சமாளிச்சுக்குவேன். ஃபோரத்துல தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்.

— அது என்ன ஃபோரம்?

— நெட்டுல ஒரு இடம். எந்தக் கம்பெனிப் பெட்டி நல்ல பெட்டின்னு சண்டை போடுவாங்க. உங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க உண்டு, உங்க ஸ்க்ரூ உண்டுன்னு இருக்கறவங்க.

— ஆமா, எனக்கு ஏது நேரம். நீங்க சொல்லுங்க.

— அங்க நான் வெள்ளைக் கட்சி. ஏதோ கூட்டத்துல ஒருத்தன் இல்ல. தூண். வெள்ளைக்காக்கான்னு கேட்டுப் பாருங்க, எல்லாருக்கும் தெரியும்.

— வெள்ளைக்காக்கா... நீங்களே வெச்சுக்கிட்ட பேரா?

— வேற யார் வெப்பா? சரி, அது கிடக்கட்டும். பெட்டியப் பாருங்க.

— பெட்டிக்கு என்ன கோளாறு?

— கோளாறு என்னன்னு எனக்குத் தெரியாது. ஒருத்தர்கிட்ட பழசா வாங்கினேன். ஆன் ஆகுது, உடனே அணைஞ்சுடுது. அது நெட்டுக்குள்ள போகணும், அவ்வளவுதான். ஒரு ஆளோட பேரைப் போட்டுத் தேடணும். கறுப்புப் பெட்டியில ஒருத்தர் கடைசியா என்னைக்கு விளையாடினார்னு காட்டுமாமே. என் வெள்ளையில இருந்து பாத்தா காட்டாது.

— யாரைத் தேடணும்?

— ஒரு நண்பரை.

— கறுப்புக் கட்சியில உங்களுக்கு நண்பரா?

— நண்பர்னா... எதிரி.

— அப்படித் தெளிவாச் சொல்லுங்க. இருங்க, ஸ்க்ரூ கழட்டிட்டே கேக்கறேன். போன தடவை உங்க வெள்ளைப் பெட்டியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேனே, பத்திரமா இருக்கா? அது கிழிஞ்சா கேரண்டி கிடையாது.

— இருக்கு இருக்கு. ஒட்டினது ஒட்டினபடி.

— நல்லது. எதிரி பேர் என்ன?

— கருங்கல்.

— ஸ்க்ரூ இறுகிக் கிடக்கு. நீங்க சொல்லுங்க.

— வருஷக்கணக்கா சண்டை. காலையில மருந்துக்கடையத் திறக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு எழுதிடுவேன். மத்தியானம் பாத்தா பதில் வந்து உக்காந்திருக்கும். வெள்ளைக் கம்பெனி ஏதாவது கேமை நிறுத்திட்டான்னு சேதி வந்தா, எழவு விசாரிக்க முதல் ஆளா வந்து நிப்பான். கறுப்புக் கம்பெனி விலையை ஏத்தினா நான் அவனை விடமாட்டேன்.

— விலையை அவரா ஏத்தினார்?

— அவன் என்னத்த ஏத்தினான். அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு நாங்க ரெண்டு பேர் பூமியில இருக்கறதே தெரியாது.

— அப்புறம் எதுக்குத் தம்பி அடிச்சுக்கறீங்க? ஊரான் வீட்டுச் சொத்துக்கு?

— அதைத்தான் என் வீட்டுக்காரியும் கேக்கறா. அக்கா, இப்ப விஷயம் அது இல்ல. ஒரு மாசமா ஆளைக் காணோம்.

— அப்ப நீங்க ஜெயிச்சுட்டீங்க.

— வெள்ளைக் கட்சிப் பசங்களும் அப்படித்தான் எழுதினாங்க. கருங்கல்லு உடைஞ்சதுன்னு ஒரே கொண்டாட்டம். கடைசியா நான் எழுதினது அப்படியே நிக்குது. அதுக்குக் கீழ வெறும் வெள்ளை. அக்கா, கடைசி வார்த்தையை அடுத்தவனுக்கு விடற ஆளே இல்ல அவன். ஒரு தடவை அலுத்துப் போய், சரிப்பா, நீ சொல்றதுதான் சரின்னு எழுதினேன். அதுக்கும் வந்து, அதை நீ சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியதில்லன்னு போட்டுட்டுப் போனான்.

— சரியான திமிர் பிடிச்ச ஆளு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— நீங்கதானே எதிரின்னீங்க?

— நான் சொல்லலாம்.

— ஓ. சரி... கடைசியா நீங்க என்னதான் எழுதினீங்க? எக்குத்தப்பா ஏதாவது...

— ஒண்ணும் இல்ல. கறுப்புப் பெட்டியோட ஃபேன் சத்தத்துல பக்கத்து வீட்டுக் குழந்தை முழிச்சுக்குதுன்னு எழுதினேன். அதுக்கெல்லாம் அவன் அசையறவனா? இதைவிட எவ்வளவோ பாத்தாச்சு. அவன் என்னைப் பொடிப்பயலேம்பான். நான் கிழட்டுக் கல்லேம்பேன்.

— கிழடுன்னு எதை வெச்சுச் சொன்னீங்க?

— ஊகம்தான். நிதானமாத் திட்டுவான். சின்னப் பசங்க ஒரு வார்த்தையில திட்டிட்டு ஓடிடுவாங்க. இவன் முழுசாப் படிப்பான். நான் எழுதினதுல எங்கயோ ஒரு மூலையில ஓட்டை இருந்தா, நேரா அங்க வந்து விரலை விடுவான்.

— பச்சைப் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரை எடுங்க... அது இல்ல, சின்னது.

— இந்தாங்க. அக்கா, நாள் பூரா நான் பேசறேன். இது சாப்பாட்டுக்கு முன்ன, இது பின்ன, இதை முழுங்கிட்டு வண்டி ஓட்டாதீங்க. எல்லாரும் தலையாட்டறாங்க. படி இறங்கறதுக்குள்ள திரும்பி வந்து, எது முன்னன்னு கேக்கறாங்க. வீட்டுல நான் வாயைத் திறந்தா டிவி சத்தம் கூடுது. இவன் ஒருத்தன்தான்...

— எதிர்த்துப் பேசணும்னா முழுசாக் கேட்டாகணுமே.

— அதேதான். வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமா? அந்தக் கருங்கல்லு ஒரு பொம்பளையா மட்டும் இருந்திருந்தா உங்களை என்னைக்கோ வீட்டை விட்டுத் துரத்தியிருப்பேன், ஆம்பளைங்கறதால பொறுத்துக்கிட்டேன்னா.

— பிழைச்சீங்க போங்க.

— இதுல சிரிக்க என்னக்கா இருக்கு?

— சிரிப்பு இல்ல, தும்மல். பெட்டி பூரா தூசி. கன்ட்ரோலர் ரெடி, சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க... உங்களை இல்ல தம்பி, வாசல்ல எட்டிப் பாத்தாரே, அவரை. இங்க பாருங்க, பேஸ்ட் காஞ்சு கட்டியாப் போயிருக்கு. அதான் சூடேறி அணைஞ்சுடுது. சுரண்டிட்டுப் புதுசு வெக்கணும்.

— பேஸ்ட்டுன்னா, சூட்டை வெளிய கடத்தற அந்தச் சாம்பல் களிம்புதானே? அதுக்காகவே ஒரு யுத்தம் நடந்திருக்கு. உலகமே நடுவுல ஒரு பொட்டு வெச்சு அழுத்துனா போதும்னு சொல்லுது. கருங்கல் மட்டும் அஞ்சு பொட்டும்பான். நாலு மூலைக்கு நாலு, நடுவுல பெரிசா ஒண்ணு. பகடைக்காய்னு பட்டப்பேரே வெச்சோம். ஃபோரத்துல சிரிக்காத ஆள் இல்ல.

— அதுல என்ன சிரிப்பு?

— யாருமே அப்படி வெக்கறதில்லயாம் அக்கா.

— எல்லாரையும் போய்க் கேட்டாங்களா? நடுவுல மட்டும் வெச்சா மூலை காஞ்சு கிடக்கும். மூணு மாசத்துல திரும்ப எங்கிட்டதான் வரும். சிரிக்கறவனா வந்து கழட்டிப் பாக்கப் போறான்? ...பொதுவாச் சொன்னேன். ரிப்பேர் பண்றவங்கற முறையில.

— நீங்க எப்படி வெப்பீங்க?

— பெட்டியைப் பொறுத்தது. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க.

— ஏன்?

— யாராவது பாத்துட்டே நின்னா எனக்குக் கை ஓடாது.

— திரும்பிட்டேன்.

— தெருவுல என்ன தெரியுது?

— ஒருத்தர் சைக்கிள் செயினை மாட்டிட்டு இருக்கார். மாட்டறார், கழலுது. மாட்டறார், கழலுது. திட்டக்கூட மாட்டேங்கறார்.

— திட்டினா செயினுக்குக் கேக்குமா... தம்பி, ஒண்ணு கேக்கறேன். அந்தக் கருங்கல்லுக்கு நீங்க யாருன்னு தெரிஞ்சு போயிருந்தா?

— எப்படித் தெரியும்?

— எப்படியோ. முகம் தெரியாத வரைக்கும் பொடிப்பயலேன்னு எழுத முடியுது. ஒரு நாள் பாத்தா, காது ஓரமெல்லாம் நரைச்ச ஒருத்தர். சட்டைப் பையில மூணு பேனா, ஒண்ணு ஒழுகியிருக்கு. பெட்டியத் தூங்கற குழந்தை மாதிரி இறக்கி வெச்சுட்டு, பாத்துப் பிரிங்க அக்கான்னு சொல்றார். அப்புறம் எப்படித் திட்ட வரும்? திரும்பாதீங்க, இன்னும் முடியல.

— யார் அப்படி இறக்கி வெச்சது?

— ஒரு உதாரணம் தம்பி.

— அவன் திட்டி எனக்கு ஒரு நாளும் வலிச்சதில்ல அக்கா. அது அவனுக்குத் தெரியணும்.

— அது வாங்கினவருக்கு. கொடுத்தவருக்கு எப்படி இருக்குமோ.

— அவன் சும்மா இருக்கறதுதான் வலிக்குது. என்னென்னவோ தோணுது. கடைக்கு வர்ற ஒவ்வொரு சீட்டையும் வாங்கும்போது, இது அவனுக்கான மருந்தா இருக்குமோன்னு பாக்கறேன். பேர் தெரியாது, வயசு தெரியாது. இதய மாத்திரை வந்தா கை நின்னுடுது.

— ...திரும்புங்க. மூடிட்டேன். டிவியில மாட்டறேன்.

— பேரைத் தேடலாமா?

— நெட் இன்னைக்குக் கொஞ்சம் மந்தமா இருக்கு. பெட்டிய வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு நான் பாத்துச் சொல்றேன்.

— அதோ கனெக்ட் ஆயிடுச்சே.

— ஆயிடுச்சா? ...சரி. நீங்களே அடிங்க.

— க... ரு... ங்... இந்தப் பெட்டியில எழுத்தெல்லாம் எங்க இருக்குன்னே தெரியல. நீங்க அடிங்க.

— உங்க எதிரி, நீங்களே அடிங்க.

— வந்துடுச்சு. கடைசியா விளையாடினது... இன்னைக்குக் காலையில.

— உசுரோட இருக்கார். போதுமா?

— ம்.

— சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இதுக்குத்தானே வந்தீங்க?

— உசுரோட இருந்துக்கிட்டே பேசலைன்னா... அது வேற இல்லயா அக்கா.

— தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க.

— நிக்கறேன்.

— உக்காருங்கன்னு சொல்றேன்ல... போன தடவை உங்க வெள்ளைப் பெட்டியச் சரி பண்ணி, இதே டிவியில மாட்டித்தான் ஓட்டிப் பாத்தேன். ஆன் ஆனதும் வெள்ளைக்காக்கான்னு பேர் வந்துச்சு. அன்னைக்கு மத்தியானம்தான் ஃபேன் சத்தத்துக்குப் பதில் எழுதி முடிச்சிருந்தேன். நல்ல பதில். நீங்க ரெண்டு நாள் தூங்கியிருக்க மாட்டீங்க. அனுப்பல. சாயங்காலம் நீங்க வந்து, அக்கா ரொம்ப நன்றிக்கான்னுட்டு, பெட்டிய நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டுப் போனீங்க. அன்னையிலேருந்து சாப்பிட உக்காந்தா கை தானா ஃபோனை எடுக்கும். உங்க மூஞ்சி வரும். வெச்சுடுவேன். நான் ஒண்ணும் உடைஞ்சு போகல, அந்தப் பசங்ககிட்ட சொல்லிடுங்க. கோவமா தம்பி? ஏதாவது பேசுங்க. வீட்டுக்காரம்மாகிட்ட வேணும்னா நானே வந்து சொல்றேன், எனக்குப் பேரப்பிள்ளை இருக்கறதை.

— கோவம் இல்லக்கா. உங்க ஸ்டிக்கரை நான் அன்னைக்கு வீட்டுக்குப் போனதுமே கிழிச்சுட்டேன். அனுபவப்பட்ட ரிப்பேர்க்காரங்க நடுவுல ஒரே பொட்டுதான் வெப்பாங்கன்னு படம் எடுத்துப் போட்டு, கருங்கல் வாயை அடைக்கலாம்னு பெட்டியப் பிரிச்சேன். பிரிச்சா, அஞ்சு தடம். நடுவுல இருந்தது பெரிசு. நீங்கதான் கருங்கல்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. நீங்களா எழுதுவீங்கன்னு ஒரு மாசம் பாத்தேன். எழுதல. வெறுங்கையோட வந்து சண்டைக்குக் கூப்பிட முடியுமா? அதான் இதைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தேன்... வெள்ளைக்காக்கா கறுப்புப் பெட்டி வாங்கிடுச்சுன்னு இன்னைக்கு மத்தியானமே எழுதுங்க. தலகாணி உறையையும் விடாதீங்க.