தீபமும் சேட்டிலைட்டும்

எண்பதுகளில் ஒரு கார்த்திகை தீபத்தன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர், மடியில் நெய் டப்பாவோடு உட்கார்ந்திருந்த தன் அண்ணியிடம் சொன்னார்:

“இந்த வருஷம் தீபத்துக்கு நெய் கம்மியா ஊத்தச் சொல்லணும் அண்ணி.”

“ஏன் தம்பி?”

“அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் ஆகாசத்துல சேட்டிலைட் வுட்டு, எவன் ராக்கெட் வுடறான்னு பாத்துக்கினே இருக்கானுங்க. கீழ நெருப்பு தெரிஞ்சா போதும், குண்டுதான், உலகமே காலி. நம்ம மலை உச்சில குப்புன்னு எரிஞ்சா என்னான்னு நெனைப்பான்?”

அண்ணி டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“முன்னாடியே ஒரு தந்தி அடிச்சிடேன்.”

“யாருக்கு? அவனுக்கு அடிச்சா இவன் சந்தேகப்படுவான்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல அடி. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்களுக்கு உன் கல்யாணப் பத்திரிகைய அப்படித்தானே வெச்சோம்?”

அண்ணி சிரித்த சிரிப்பில் டப்பா மூடி கழன்று டிரைவர் வரைக்கும் உருண்டு போனது.

சாயங்காலம் தெருக் கூட்டத்தில் பார்த்தால், அவர்களே எனக்கு முன்னால் நின்றார்கள். உச்சியில் தீபம் எரிந்தது. ஊரே தலைக்குமேல் கைகளைத் தூக்கி “அரோகரா!” என்று கத்தியது. தம்பி மட்டும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேலருந்து பாத்தா ஊரே சரண்டர் ஆன மாதிரிதான் தெரியும், பயப்படாத,” என்றார் அண்ணி. “நீயும் கையத் தூக்கு தம்பி, சீக்கிரம்! ஒருத்தன் தூக்கலைன்னாலும் சந்தேகப்படுவான்.”